புதுச்சேரி பாரில் கரோக்கி நடத்தினால் ராத்திரிக்கு எவ்வளவு கையில் நிற்கும்?

கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு கல்யாணங்களில் பாடுகிறாராம். "புதுச்சேரி ரெஸ்டோ பார்களில் கரோக்கி நடத்துகிறவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன தருகிறார்கள்? வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?" இதுதான் கேள்வி. குரல் இல்லாத இசை ட்ராக்கை ஓட்டி, வந்திருப்பவர்களையே பாட வைப்பதுதான் கரோக்கி.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். கையை வீசிக்கொண்டு போய், பாரில் இருக்கும் செட்டிலேயே நடத்திக் கொடுத்தால் ராத்திரிக்கு 1,500 முதல் 2,500 வரை. சொந்த ஸ்பீக்கர், மிக்ஸர், மைக், லேப்டாப்போடு போனால் 3,000 முதல் 5,000 வரை. டிசம்பர் 31 மட்டும் தனிக் கணக்கு. இது சர்வே எடுத்துச் சொல்வதில்லை. நானும் இதே வேலை பார்க்கும் ஏழெட்டு நண்பர்களும் ஒன்பது வருஷமாக வாங்கியதும், வாங்க முடியாமல் போனதுமான தொகை. பெண்கள் நடத்தினால் ஐந்நூறு கூடக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்த ஐந்நூறு ராத்திரி வீட்டுக்குத் திரும்பும் காருக்கே சரியாகிவிடும்.

இனி அந்தப் பணம் எதற்குத் தரப்படுகிறது என்று பார்ப்போம். கச்சேரியில் பாடுகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான், நானும் விழுந்தேன். முதல் மாதம் மைக்கைக் கையில் வாங்கினால் கீழே வைக்க மாட்டேன். ஒரு ராத்திரிக்கு ஏழெட்டுப் பாட்டு நானே பாடினேன், நல்ல கைதட்டல். நான்காவது வாரம் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா எல்லாரும் கேட்டுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சு, கைதட்டிட்டுக் கிளம்பிடுறாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. எட்டரை மணிக்கு வந்து உட்கார்ந்த நான்கு பேர் பத்து மணிக்குப் பில் கேட்க வேண்டியவர்கள். பாட விரும்புகிறவர்களை வரிசையாக எழுதும் என் நோட்டில் அவர்களில் ஒருவர் பெயர் ஆறாவதாக இருந்தால் எழுந்து போக மாட்டார்கள். சும்மா உட்கார முடியாது, இன்னொரு ரவுண்டு, ஒரு சில்லி சிக்கன், கடலை மசாலா என்று போகும். ஒரு டேபிளுக்கு 1,200 ரூபாய் கூடினால் ஆறு டேபிளுக்கு 7,200. முதலாளி எனக்கு எடுத்து நீட்டும் இரண்டாயிரம் இந்தக் கூடுதல் விற்பனையில் இருந்து வருகிறது. பாடத் தெரியாதவரைப் பாட வைத்து, அடுத்த பெயர் யாருடையது என்று டேபிள்களைக் காத்திருக்க வைப்பதுதான் வேலை. என் குரலுக்கு அங்கே தனி ரேட் கிடையாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். முதலியார்பேட்டையில் இருந்து ஒரு பெரியவர் வருவார், ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பீர், ஒரு ஆம்லெட், அதற்கு மேல் போக மாட்டார். மூன்று வாரம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது வாரம் நானே பக்கத்தில் போய், "ஐயா, எந்தப் பாட்டு?" என்று கேட்டேன். கூச்சத்தோடு ஒரு அறுபதுகளின் பாட்டைச் சொன்னார். பல்லவி முழுக்க அவர் முணுமுணுத்த சுருதியைக் கவனித்து ட்ராக்கை மூன்று ஸ்கேல் இறக்கினேன். எக்கோவைக் குறைத்து, மைக் வால்யூமை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் பக்கத்து டேபிள் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். சரணம் வந்தபோது சப்ளையர்கூடத் தட்டோடு நின்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பெரியவர் மில்லில் கூட வேலை பார்த்த ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் அந்த பாரில் எனக்கு 1,800 இருந்தது 2,200 ஆனது, நான் கேட்காமலே.

சரி, செட் விஷயத்துக்கு வருவோம். "சொந்த செட் வாங்கினால் இரண்டு மடங்கு கிடைக்குமே" என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு சனிக்கிழமையைப் பிரித்துக் காட்டுகிறேன்.

பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, மிக்ஸர், வயர் மைக் இரண்டு, வயர்லெஸ் ஒரு ஜோடி, லேப்டாப், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு 1,40,000 ஆனது. கடல்காற்றில் இந்த ஊரில் எந்தச் சாமானும் நீண்ட நாள் உழைக்காது, மூன்று வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்கு நூறு ராத்திரி, மொத்தம் முந்நூறு. ஒரு ராத்திரிக்குத் தேய்மானம் மட்டும் ஏறக்குறைய 470 ரூபாய். தூக்கி வைக்க ஒரு பையனுக்கு 500. போக வர லோடு ஆட்டோ 300. பேமென்ட் 3,500 என்றால் கையில் நிற்பது 2,230. ஆறு மணிக்குப் போய் செட் கட்டி, பன்னிரண்டு மணிக்கு அவிழ்த்து ஏற்றினால் ஆறு மணி நேரம். மணிக்கு 370 வருகிறது. செட் இல்லாமல் ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குக் கிளம்புகிறவர் 1,800 வாங்கினால் அவருக்கு மணிக்கு 400. வெறுங்கையோடு போனவர் நம்மைவிட முப்பது ரூபாய் கூடச் சம்பாதிக்கிறார், இடுப்பு வலியும் இல்லை.

அப்படியானால் எதற்குச் செட்? பாருக்காக வாங்காதீர்கள் என்பது என் கருத்து. செட் சம்பாதிப்பது வாடகையில்தான். லாஸ்பேட்டையில் பிறந்தநாள், அபார்ட்மென்ட் விழா, கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் கம்பெனி கூட்டம் என்று வார நாளில் இரண்டு போனால் போதும், அது தன் கடனைத் தானே கட்டிவிடும். இந்தத் தொழில் தொடங்கியதே வாடகையில்தான். ஜப்பானில் கோபே நகரத்து பார்களில் குடிக்க வந்தவர்கள் பாட, பக்கத்தில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் டைசுகே இனோவே. வெளியூர்ப் பயணத்துக்கு வந்து வாசிக்கும்படி ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். போக முடியாததால் வாத்திய இசையை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தார். அதில் பிறந்த யோசனையை வைத்து 1971-இல் காசு போட்டால் இசை மட்டும் ஒலிக்கும் பெட்டிகள் பதினொன்று செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை மட்டும் வாங்கவில்லை. 2004-இல் இக் நோபல் என்கிற வேடிக்கைப் பரிசைக் கொடுத்தார்கள், அதுவும் சமாதானத்துக்கான பரிசு. ஒருவர் பாடுவதை இன்னொருவர் பொறுத்துக்கொள்ளக் கற்றுக் கொடுத்ததற்காகவாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் பக்கத்தில் நின்றால் அந்தப் பரிசு வேடிக்கையாகத் தெரியாது.

மாதக் கணக்கு போடும்போது இன்னொரு தப்பு நடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று பதின்மூன்று ராத்திரி, பதின்மூன்றை 2,000-ஆல் பெருக்கினால் 26,000 என்று கணக்கு ஒழுங்காக வரும். பணம் அப்படி வராது. எனக்கு நல்ல மாதத்தில் பத்து ராத்திரி, மோசமான மாதத்தில் ஐந்து. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பார் மூடல். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும்வரை 48 மணி நேரம் மூடல், சில நேரம் அது சரியாக வார இறுதியில் வந்து உட்காரும். கார்த்திகை பிறந்தால் உள்ளூர்க்காரர்கள் பலர் மாலை போட்டுவிடுவார்கள், சென்னை, பெங்களூருக் கூட்டத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அதே மாதங்களில்தான் மழையும். 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதே, அன்றைக்கு எனக்கு நிகழ்ச்சி இருந்தது. பாருக்குள் முழங்கால் தண்ணீர். காசு கிடையாது, "புயலுக்கு நான் என்ன தம்பி பண்றது" என்றார் முதலாளி. அவரிடம் என்ன கேட்க முடியும்? கடலூர்க்காரரான உங்களுக்கு 2011 டிசம்பர் 30 தானே புயலைச் சொல்லவே வேண்டாம். அந்தப் புத்தாண்டுக் கச்சேரிகள் எல்லாம் பலா, முந்திரி மரங்களோடு சேர்ந்தே விழுந்தன.

சில இடங்களில் மாதச் சம்பளமாகப் பேசுவார்கள், 18,000 முதல் 25,000 வரை, வாரம் ஆறு நாள், ராத்திரிச் சாப்பாடு. கேட்க நன்றாக இருக்கும். செவ்வாய்க்கிழமை மூன்று டேபிள்தான் இருக்கும், அப்போது "சும்மாதானே இருக்கீங்க" என்று ஆர்டர் எடுக்கச் சொல்வார்கள். இரண்டே மாதத்தில் நீங்கள் பாடத் தெரிந்த கேப்டன் ஆகிவிடுவீர்கள். அதில் இறங்குவதென்றால் என்னென்ன வேலை என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

விற்பனையில் பங்கு தருகிறேன் என்றால் வேண்டாம். எவ்வளவு விற்றது என்பது பில் போடுகிறவருக்குத்தான் தெரியும், உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஒரு இடத்தில் ஒரு மாதம் அப்படி ஒத்துக்கொண்டேன். உட்கார இடமில்லாத சனிக்கிழமை முடிந்து 900 ரூபாய் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் மூன்று வார பாக்கி இன்னும் நிற்கிறது. அங்கே இப்போது வேறு முதலாளி, அவர் பழைய கணக்கு எனக்குத் தெரியாது என்கிறார். அதற்குப் பிறகு ஒரே வழக்கம்தான் வைத்திருக்கிறேன்: அன்றைய காசு அன்றைக்கே, கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஜிபேயில் வந்துவிட வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு கேட்டால் மேனேஜர் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருப்பார்.

டிப்ஸ் உண்டு, ஆனால் நம்ப முடியாது. நூறு, இருநூறு என்று ஸ்லிப்பில் சுருட்டிக் கொடுப்பார்கள். ஒன்றுமே இல்லாத ராத்திரியும் உண்டு, எண்ணூறு சேர்ந்த ராத்திரியும் உண்டு. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி "என் பாட்டை அடுத்ததாப் போடுங்க" என்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஒரு முறை வாங்கினேன். சென்னையில் இருந்து வந்தவர்கள் அவர்கள். நாற்பது நிமிஷமாகக் காத்திருந்த உள்ளூர் டேபிளில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். முதலில் என்னிடம் சத்தம், அப்புறம் அந்த டேபிளுக்கும் இந்த டேபிளுக்கும் சத்தம், கடைசியில் ஒரு நாற்காலி உடைந்தது. நாற்காலிக்கு 700 ரூபாயை என் கணக்கில் எழுதினார்கள். ஐந்நூறு வாங்கி எழுநூறு கொடுத்தவன் நான். இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றை டேபிள் நம்பரோடு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறேன். எல்லா டேபிளும் ஒரு பாட்டு பாடி முடிக்காமல் எவருக்கும் இரண்டாவது கிடையாது, அது எம்.எல்.ஏ.வின் மச்சானாக இருந்தாலும்.

மைக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பிடுங்கக் கூடாது. "அண்ணன் குரலுக்கு டூயட்தான் பொருத்தம்" என்று சொல்லி, அவருடைய நண்பர் கையில் இன்னொரு மைக்கைக் கொடுத்துவிட்டு, அவருடைய மைக்கை மிக்ஸரில் பாதியாக இறக்கிவிடுங்கள். மேடையில் அவருக்கு வித்தியாசமே தெரியாது.

அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவரைக் கேஜே, அதாவது கரோக்கி ஜாக்கி என்கிறார்கள். அங்கே பொதுவாக ஒரு ராத்திரிக்கு 100 முதல் 250 டாலர் வரை, நான்கு அல்லது ஐந்து மணி நேரம், பெரும்பாலும் செட்டும் பாட்டுத் தொகுப்பும் அவருடையது. கூடவே டிப்ஸ் போட ஒரு ஜாடி. அந்த டாலரை ரூபாயில் மாற்றிப் பார்த்து ஏங்க வேண்டாம், அங்கே வாடகையும் டாலரில்தான். ஆனால் அங்கேயும் ரேட்டைத் தீர்மானிப்பது செட் யாருடையது, எந்தக் கிழமை, எவ்வளவு பேர் வருகிறார்கள் என்கிற அதே மூன்று விஷயம்தான். ஜப்பானில் நண்பர்கள் தனி அறை எடுத்துத் தாங்களே பாடிக்கொள்கிறார்கள், நடத்துபவருக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. நல்ல வேளை, நம் ஊரில் நாற்பது பேருக்கு முன்னால் பாடினால்தான் பாடியதாக நினைக்கிறோம்.

ரேட்டை ஏற்றுவது மொழி. தெலுங்கு பேசும் ஏனாமும் மலையாளம் பேசும் மாஹேயும் நம்மோடு ஒரே நிர்வாகத்தில் இருக்கும் ஊர் இது, போதாக்குறைக்கு வார இறுதியில் பாதி டேபிள் வெளியூர். தமிழ் மட்டும் வைத்திருப்பவர் 1,500-இலேயே நிற்பார். தெலுங்கு, மலையாளம், இந்தி, கன்னடம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றிலும் ஐம்பது ட்ராக் லேப்டாப்பில் இருந்தால் 2,500 கேட்கலாம், கொடுப்பார்கள். கூடவே ஆண் குரலுக்கு, பெண் குரலுக்கு என்று ஸ்கேல் மாற்றிய பிரதிகளும் வேண்டும். எண்பதுகளின் பாட்டுகளை அசல் சுருதியில் போட்டால் சரணத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மூச்சு முட்டும். அப்படித் திணறினவர் இரண்டாவது முறை பெயர் எழுதித் தர மாட்டார்.

யூடியூபை அப்படியே ஓட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. நடுவில் விளம்பரம் வந்து மானம் போகும் என்பது ஒரு பக்கம், யூடியூபின் விதிப்படி அது சொந்த உபயோகத்துக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை. வரிகளுக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு பி.பி.எல். என்று உரிமம் தருகிற அமைப்புகள் இருக்கின்றன. அதை எடுக்க வேண்டியது பார்தான், ஆனால் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் இளையராஜா தரப்பில் இருந்து எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போனது, நாமெல்லாம் எம்மாத்திரம். மொட்டை மாடி பாராக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுமதி இல்லை என்கிற ஒலி மாசு விதி வேறு இருக்கிறது. மூடிய ஹாலுக்குள் நடத்தினால் அந்தத் தலைவலி குறைவு. மாடியில் பேசும்போது பத்து மணிக்கு நிறுத்தினாலும் முழு பேமென்ட் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 31 தனிக் கணக்கு என்றேன் அல்லவா. செட்டோடு எனக்குக் கிடைத்த அதிகபட்சம் 18,000, ஒரு ரிசார்ட்டில். அன்றைக்குப் பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். கடைசி வாரத்தில் பெரிய டிஜே கிடைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு போன்கூட வராது, அதற்குள் மற்ற இடங்களும் போயிருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேலையை விடாதீர்கள். நல்ல மாதத்தில் பத்து ராத்திரி, ராத்திரிக்கு 1,800 என்றால் 18,000. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, தொண்டை கட்டினால் எடுக்கும் லீவும் சம்பளமில்லாத லீவுதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் என்றேனே, அதில் இதை மட்டுமே நம்பி இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் செட்டை வாடகைக்கு விடுகிறவர், இன்னொருவருக்கு முத்தியால்பேட்டையில் சொந்த வீடு. நான் பகலில் மொபைல் கடை வைத்திருக்கிறேன்.

கடலூரில் இருந்துகொண்டே செய்யலாம். அங்கேயே கிடைக்குமா என்றால், டாஸ்மாக் பாரில் சைட் டிஷ் கிடைக்கும், மேடை கிடைக்காது. நீங்கள் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்துதான் ஆக வேண்டும். ஷிஃப்ட் முறையைப் பார்த்து மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை மட்டும் ஒரே பாரில் பேசுங்கள், செட் இல்லாமல் 1,800. முதல் இரண்டு வாரம் 1,500-க்கு ஒத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மூன்றாவது வாரம் கூட்டம் வந்திருந்தால் நீங்களே கேளுங்கள், முதலாளி தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம், எனக்கு நடந்தது ஒரு முறைதான்.

திரும்பிப் போவதையும் யோசியுங்கள். பதினொன்றரைக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது, பைக்தான். பாடி முடித்ததும் ஏதாவது ஒரு டேபிளில் இருந்து "ஒரே ஒரு பெக், எங்களுக்காக" என்று கட்டாயம் வரும். தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் ஊதச் சொன்னால், குடித்துவிட்டு ஓட்டியதற்கு முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். ஐந்தாறு சனிக்கிழமைச் சம்பாத்தியம் ஒரே ஊதலில் போய்விடும். நான் ஒரு சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து கையிலேயே வைத்திருப்பேன். பார்ப்பவர்களுக்கு அது ஜின் மாதிரிதான் தெரியும், யாரும் மறுபடி வற்புறுத்துவதில்லை.